விரிவுரையாளர்களின் கற்பித்தல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்தவர்களே,

போன வருடப் பொதுக்கூட்டம் கோரம் (கூட்டம் தொடங்கத் தேவையான ஆட்தொகை) சேராமல் முக்கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. இம்முறையும் அப்படி ஆனால் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அறிக்கையைச் சுருக்கமாகத்தான் எழுதத் தொடங்கினேன். சரிவரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழமையான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு எட்டுத் தரம் கூடியது. வினாத்தாள் தயாரிப்புப் பற்றி ஒரு பட்டறை நடந்தது. கற்றல் நோக்கங்களைப் படிநிலையாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாடு பற்றி இன்னொன்று நடந்தது. 1956 இல் வந்ததையே இன்னும் பாடத்திட்டங்களில் எழுதுகிறோம், 2001 இல் திருத்தியதை ஏன் பார்ப்பதில்லை என்று பேச்சாளர் கடிந்துகொண்டார். வாணி விழா நடந்தது. நல்லூரில் கொடியேறிய 25 நாளும் கூட்டம் வைக்கவில்லை. வைத்தாலும் ஆள் வராது.

ஒரு மாதக் கூட்டத்தை மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, அதாவது பட்டங்களுக்கான நாட்டு அளவுகோலின்படி, ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. உறுப்பினர் ஒருவர் தன் பாடத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். 15 மணித்தியாலம் விரிவுரை என்றால் மீதி 35 மணித்தியாலமும் பிள்ளை தானாகப் படிக்க வேண்டும். "அந்த 35 க்கு நாங்கள் என்ன வேலை கொடுத்திருக்கிறோம்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணீர் வந்ததால் தப்பினோம்.

இனி வகுப்புப் பார்வையிடல் திட்டம். இது செயலாளரின் பிடிவாதத்தால் வந்தது என்று செயற்குழுவிலேயே சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை அனுப்ப முதல் நாலு பேருக்குக் காட்டித் திருத்துகிறோம். வகுப்பறைக் கதவை மட்டும் சாத்திக்கொள்கிறோம். இருபது வருடம் படிப்பித்த ஒருவரின் வகுப்பை, பக்கத்து அறையில் இருபது வருடம் படிப்பித்தவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்வது, ஒருவர் மற்றவரின் வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு மணித்தியாலம் இருப்பது, பிறகு இருந்து கதைப்பது, எழுதிய குறிப்பை வகுப்பு எடுத்தவரிடமே கொடுத்துவிடுவது. திட்டம் இவ்வளவுதான்.

ஒன்பது சோடி பெயர் தந்தது. நாலு சோடி செய்து முடித்தது. படிவம் நாலு பக்கம் இருந்ததால்தான் ஆட்கள் பின்வாங்கினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. முதற்படிவம் நாலு பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் மாதமே அதை அரைப் பக்கமாக்கி வைபர் குழுவில் போட்டேன். திறந்து பார்க்காதவர்களுக்கு அது இன்னும் நாலு பக்கமாகவே இருக்கிறது.

முதலில் என் வகுப்பைத்தான் திறந்துவிட்டேன். என் சோடியான இளம் விரிவுரையாளர் கைக்கடிகாரத்தோடு பின்வாங்கில் இருந்தார். நான் கேட்டது பதினொரு கேள்வி. ஒன்பதுக்கு ஒரு செக்கனுக்குள் நானே விடையும் சொல்லியிருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் முன்வாங்குப் பிள்ளை ஒன்று முந்திக்கொண்டது. "சேர், நீங்கள் கேள்வி கேட்கவில்லை, மூச்சு வாங்கியிருக்கிறீர்கள்" என்றார். அமெரிக்காவில் மேரி பட் றோ என்ற ஆய்வாளர் 1970 களிலேயே பள்ளிக்கூட விஞ்ஞான வகுப்புகளில் இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு செக்கன். அதை மூன்று செக்கனாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதைப் பற்றி இதே வட்டத்தில் முன்பொருமுறை அரை மணித்தியாலம் உரையாற்றியவன் நான். அன்றைக்கும் கேள்வி நேரம் விட்டதாக ஞாபகம் இல்லை.

இன்னொரு சோடி விஞ்ஞானப் பாடம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்து முதலாம் வருடத்திலேயே ஆங்கில விரிவுரையில் இருக்கும் பிள்ளைகள். பார்வையிட்டவர் எழுதிய குறிப்பு ஒரு வரிதான்: விடை கொப்பியில் இருக்கிறது, வாயில் வரவில்லை. அடுத்த வகுப்பில் அந்த விரிவுரையாளர், "பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் உங்கள் மொழியில் கதைத்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று விட்டிருக்கிறார். தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள் சிங்களத்தில் கதைத்தார்கள், மற்றவர்கள் தமிழில். சத்தம் கூடிப்போய்ப் பக்கத்து அறையிலிருந்து முறைப்பாடு வந்தது. ஹார்வர்ட்டில் எரிக் மசூர் 1990 களில் தன் பௌதிக வகுப்பில் பிள்ளைகளைப் பக்கத்தவரோடு வாதாடவிட்ட முறைதான் இதுவும். மொழியை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

இதற்கெல்லாம் ஆதாரம் என்ன என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விஞ்ஞான, கணித, பொறியியல் பாடங்களில் செய்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வந்த கட்டுரையைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே வேலை கொடுத்துப் படிப்பித்ததோடு ஒப்பிட்டால், விரிவுரையை மட்டும் கேட்டவர்கள் சித்தியடையாமல் போகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. "அது அங்கே" என்றார். சரி, இங்கே எப்படி என்று பார்க்கலாம் சேர், எப்போது வரட்டும் என்று கேட்டேன். இன்னும் நாள் தரவில்லை.

மாணவர் கருத்துப் படிவத்தில் புள்ளி குறைந்ததால் இரண்டு பேர் மனம் விட்டுப்போனார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019 இல் ஹார்வர்ட் பௌதிக வகுப்புகளில் செய்த ஆய்வில், வகுப்பிலேயே வேலை செய்து படித்த மாணவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிடக் கூடுதலாகக் கற்றார்கள், ஆனால் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். படிவத்தைப் பார்த்து மனம் விட வேண்டாம்.

ஐந்து சோடி விலகியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பொறுப்பில் இருக்கும் ஒருவர், பார்வையிட்ட குறிப்புகளைப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்கத் தரும்படி கேட்டார். கொடுக்கவில்லை. என்னிடம் பிரதியே இல்லை, வைத்திருக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனாலும் கதை பரவிவிட்டது. பெயரும் இடமும் இங்கே வேண்டாம். செயலாளர்தான் குறிப்புகளைக் கொடுத்தார் என்று சொல்லித் திரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசிக்கவும்.

சந்தா. பதிவேட்டில் 71 பேர் இருக்கிறார்கள். கட்டியவர்கள் 26. தகுதிகாண் விரிவுரையாளர்கள் பதவி உறுதியாவதற்குக் கற்பித்தல் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயிற்சிக் காலத்தில் நமது கூட்டங்களில் முன்வரிசை அவர்களுக்குத்தான். பயிற்சிக்குக் கொடுக்க வேண்டிய கற்பித்தல் கோவையை (தொகுப்பை) மூத்தவர்கள் இரவிரவாகத் திருத்திக் கொடுக்கிறார்கள். உறுதிக்கடிதம் கைக்கு வந்ததும் ஆளைக் காணவில்லை, அழைத்தால் போனும் எடுப்பதில்லை. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் பஸ் ஏறி வருபவர் நேரத்துக்கு வந்து இருக்கிறார். இந்த யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலேயே குடியிருப்பவர் "சரியான வெயில் சேர்" என்கிறார்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வந்ததும் போனதும் ஏறக்குறையச் சரி. போட்டோக்கொப்பிச் செலவு கூடியிருக்கிறது. அதற்கு மேலே சொன்ன நாலு பக்கம் ஓரளவு காரணம். ஒரு பழைய பற்றுச்சீட்டு மட்டும் பொருந்தவில்லை, கணக்காய்வாளருக்கு அது தெரியும். கூட்டத்தில் சாப்பிடக் கொடுக்கும் ரோல்ஸ் செலவு பற்றிக் கேள்வி வரும் என்று கேள்விப்பட்டேன். ரோல்ஸ் இல்லாத கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் கைவசம் இருக்கிறது.

மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், வளவாளர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும், கதிரை அடுக்கிய தம்பிமாருக்கும் நன்றி. பார்வையிட விட்ட நாலு சோடிக்கும் தனியாக நன்றி.

வரும் வருடம் இளையவர் ஒருவர் செயலாளராக வருவதை விரும்புகிறேன். மூன்று வருடம் செய்துவிட்டேன், வீட்டிலும் போதும் என்கிறார்கள். திட்டம் பாதியில் நிற்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். பொறுப்பெடுக்க முன்வருபவர் அரைப் பக்கப் படிவத்தை என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதைச் சபைதான் தீர்மானிக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எனது முதலாம் வருட வகுப்பு செவ்வாய் காலை எட்டு மணிக்கு. பின்வாங்கில் இடம் இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலடியில் இருப்பார். ரோல்ஸ் மேசை அவருக்கு அப்பால் வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்