மலைநாட்டுக்கு அழைத்துச் செல்வோர் கரடியைப் பற்றியும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கனடாவின் ராக்கி மலைத்தொடருக்குக் குழுவாகச் சென்றுவரும் தமிழ்க் குடும்பங்களை இப்போது அடிக்கடி காண்கிறோம். கடந்த ஆண்டு நாங்களும் ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலம் சென்றுவந்தோம். அங்கு நடந்த ஒன்று இன்னும் என் மனத்தை உறுத்துவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கல்கரி நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில், அமெரிக்க எல்லையை ஒட்டி, வாட்டர்ட்டன் லேக்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. வழிநெடுகப் புல்வெளிதான். அந்தப் புல்வெளி முடியும் இடத்திலேயே, நடுவில் குன்றுகள் ஏதுமின்றி, மலை சுவரைப்போல் எழுந்து நிற்கிறது. 163 மீட்டர் உயரப் புக்கிட் தீமாவையே மலை என்று ஏறிப் பழகிய எங்கள் பிள்ளைகள் பேருந்தில் வாயடைத்துப் போனார்கள். புல்வெளியும் மலையும் இப்படிக் கைகோத்து நிற்பதால் மானும் கரடியும் மனிதர் புழங்கும் இடத்திற்கு மிக அருகிலேயே மேய்கின்றன.

ஏரிக்கரை மேசையில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் உண்டோம். மிச்சத்தைப் பையில் கட்டிக்கொண்டு குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் குப்பைத்தொட்டியை நோக்கிப் போனார். அது கனத்த இரும்புப் பெட்டி. வெளியே பிடி எதுவும் தெரியவில்லை. கரடியின் பாதம் நுழையாத ஒரு குறுகிய மறைப்புக்குள் கையை விட்டு, உள்ளிருக்கும் தாழ்ப்பாளை விரலால் அழுத்தினால்தான் மூடி திறக்கும். பெரியவர் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பையைத் தொட்டியின் ஓரத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அதைக் கவனித்த பூங்கா ஊழியர் ஒருவர் தாழ்ப்பாளைத் திறக்கும் விதத்தைக் காட்டி, மனித உணவை ஒருமுறை ருசி கண்ட கரடி மனிதரைத் தேடியே வரும் என்றும், கடைசியில் அதை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டியோ கொல்ல வேண்டியோ வரும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். “தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா தம்பி?” என்று பெரியவர் என்னிடம் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை. ஏற்பாட்டாளர் தந்த குறிப்பில் ரைஸ் குக்கர், அடாப்டர், ஊறுகாய்ப் பொட்டலம்வரை அனைத்தும் இருந்தன. கரடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் குறைந்தது 100 மீட்டரும், மான் வகைகளிடமிருந்து 30 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பதையும், கரடியை விரட்டத் தெளிக்கும், மிளகாய்க் காரம் அடைத்த பேர் ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும் என்பதையும் நாங்கள் அங்கு போன பிறகே அறிந்தோம்.

இளையர்களுக்கென அட்டவணையில் ‘ஏரிவரை நடை’ என்று போட்டிருந்தார்கள். அது கிரிப்ட் ஏரிப் பாதை. படகில் ஏரியைக் கடந்து, போய்வர 17 கிலோமீட்டர் நடந்து, சுமார் 700 மீட்டர் ஏறி, இரும்பு ஏணியிலும் பாறைச் சுரங்கத்திலும் புகுந்து, கம்பிவடத்தைப் பிடித்தபடி போக வேண்டிய இடம். கடைசிப் படகைத் தவறவிட்டால் திரும்புவது பெரும்பாடு. நனைந்தால் உடல் சூட்டைக் காக்காத பருத்திச் சட்டையோடு நின்ற பிள்ளைகளைப் படகுத்துறையிலேயே நான் தடுத்துவிட்டேன். அவர்களுக்கு என்மேல் வருத்தம்தான்; ஆனாலும் அன்று மாலை மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததைப் பார்த்தபோது நான் செய்தது சரியென்றே பட்டது.

குரங்குகளுக்கு உணவு கொடுக்கக்கூடாது என்பது நமக்குப் புதிதல்ல. 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்கீழ் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. இங்கே மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் பின்பற்றும் ஒழுங்கை மலைநாட்டுக்கும் எடுத்துச் செல்ல, யாராவது முன்கூட்டிச் சொன்னால் போதும். ஆகவே, புறப்படுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது, மூத்தோருக்கும் விளங்கும்படி தமிழிலேயே விளக்கக் கூட்டம் நடத்துமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் இதற்கு இடமளித்தால் பேருதவியாக இருக்கும். அந்தத் தாழ்ப்பாளை நான் பல கோணங்களில் படமெடுத்து வைத்திருக்கிறேன், கேட்போருக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்