சந்தேகம் இருந்தால் கேளுங்கள்: ஷெங்கன் விசா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஆணையத்தில் விசாக் கொள்கையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், ஒரே விசாவில் போய்வரக்கூடிய 29 ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் தூதரகங்களில் விண்ணப்பங்கள் மீது முடிவெடுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் அம்மாவின் பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வந்தது. உள்ளே விசா இல்லை. கூடவே ஒரு படிவம் இருந்தது. வரிசையாக அச்சடித்த மறுப்புக் காரணங்களில் ஒரே ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் எங்கள் நாடுகளை விட்டுக் கிளம்புவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது அந்தக் கட்டத்தின் சாரம். அந்தப் படிவத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வகுத்ததுதான், 29 நாடுகளுக்கும் அதே படிவம். கடைசியில் கூடுதல் குறிப்புகள் எழுத இடமும் விட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வந்த தாளில் அந்த இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

எந்த நாட்டுத் தூதரகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தூதரகத்தைக் குறை சொல்லிவிட்டு ஓய்வது என் நோக்கமில்லை. இதே கட்டத்தில் குறி வாங்கியவர்கள் எல்லா நாட்டு வரிசையிலும் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் திரும்பிப் போவாரா என்று சந்தேகம் வந்தால், மறுப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், எதனால் சந்தேகப்படுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. அப்பா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் வருகிறது. என்னோடுதான் இருக்கிறார். தங்கை உங்கள் நாடுகளில் ஒன்றில் கணவரோடு வேலை பார்க்கிறாள், முதல் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் அம்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் பயணத்தின் நோக்கம். இதைத்தான் விண்ணப்பத்திலும் எழுதினோம். தங்கையும் மாப்பிள்ளையும் செலவுக்கும் தங்குவதற்கும் பொறுப்பேற்று உறுதிமொழிப் பத்திரம் அனுப்பினார்கள். மருத்துவமனையின் கடிதம், 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு, போகவர விமான முன்பதிவு என்று நீங்கள் கேட்ட எல்லாமே கோப்பில் இருந்தன.

விண்ணப்ப மையத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயதானவர் என்பதால் துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். கைரேகை எடுக்கும் இடத்தில் நான்கு விரல்களையும் சேர்த்துக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். பதியவில்லை. திரும்ப வைக்கச் சொன்னார்கள். அப்போதும் சிவப்பு விளக்குதான். வீட்டு வேலையிலேயே ரேகை தேய்ந்துபோன விரல்கள் அவை. அம்மா ஒவ்வொரு தடவையும் விரல்களைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு, இன்னும் பலமாக அழுத்தினார். நகக்கண் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தினார். அங்கிருந்த பெண் பொறுமையானவர், "மெதுவா வைங்கம்மா, அவசரமில்ல" என்றார். ஒருவழியாகப் பதிவானது. வெளியே வந்ததும் அம்மா என்னிடம், "கேள்வி எதுவும் கேக்கலியேப்பா, எப்பக் கேப்பாங்க?" என்றார். தங்கை எப்போது போனாள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, நான் எப்போது திரும்புவேன் என்று வழியெல்லாம் பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

யாரும் கேட்கவில்லை. அந்த மையத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, அது தாள்களை வாங்கி அனுப்பும் இடம். முடிவெடுத்த அலுவலர் அம்மாவைப் பார்த்ததில்லை. பார்த்தவருக்கு அதிகாரமில்லை, அதிகாரம் உள்ளவர் பார்க்கவில்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு மனுஷியின் எண்ணத்தைப் பற்றி எப்படி ஒரு முடிவுக்கு வர முடிகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆவணம் போலி என்றால் தாளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். காப்பீடு போதாது என்றாலும் தாளே சொல்லிவிடும். எண்ணம் தாளில் இருக்காது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தேவைப்பட்டால் விண்ணப்பதாரரை நேர்காணலுக்கு அழைக்கலாம், கூடுதல் ஆவணம் கேட்கலாம் என்று 2009-இல் நீங்களே இயற்றிய விசா விதித்தொகுப்பின் 21ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், கூடுதல் பரிசீலனை தேவை என்றால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே விதித்தொகுப்பு சொல்கிறது. ஆக, கேட்க வழியும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மொழி தெரிந்த ஒருவரை வைத்துப் பத்து நிமிடம் பேசினால் போதும்.

திரும்பிப் போகும் எண்ணத்தை மதிப்பிட எந்தெந்த ஆவணங்கள் உதவும் என்று விதித்தொகுப்பின் இணைப்பில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். திரும்பும் பயணத்தின் முன்பதிவு, பணவசதி, வேலைக்கான சான்று, அசையாச் சொத்து, வசிக்கும் நாட்டில் உள்ள குடும்பப் பிணைப்பு, தொழில் நிலை. இந்தப் பட்டியலை அம்மாவின் இடத்தில் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்ததே இல்லை. வீடு அப்பா பெயரில் இருந்தது, இன்னும் பெயர் மாற்றி முடியவில்லை. வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஓய்வூதியம் வரும், மாத்திரைக்கும் மளிகைக்கும் போகும். வாழ்நாளெல்லாம் உழைத்த ஒரு பெண்ணிடம் உழைத்ததற்கு ஒரு தாள்கூட இல்லை. மகள் வெளிநாட்டில் இருப்பது கோப்பில் தெளிவாகத் தெரிகிறது. அவர் இங்கே யாருக்காக விடியற்காலையில் எழுந்திருக்கிறார், யார் அவரை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் வராது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்த நேர்காணல் மிகவும் தேவை. அவர்களிடம்தான் நீங்கள் பேசுவதே இல்லை.

சந்தேகப்பட உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. விண்ணப்பதாரர் திரும்பிவிடுவார் என்ற நிச்சயம் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. அதைப் பார்க்கும்போது அவர் வசிக்கும் நாட்டின் பொதுவான நிலைமையோடு, அவருடைய குடும்ப, சமூக, பொருளாதாரச் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. அம்மாவின் சூழலில் எதைக் கணக்கில் எடுத்தீர்கள்? வயதையா, விதவை என்பதையா, சொத்து இல்லை என்பதையா, மகள் அங்கே இருப்பதையா? வேறொரு உறுப்பு நாடு ஆட்சேபித்ததால் விசா மறுக்கப்பட்டால், அது எந்த நாடு என்பதையும் அந்த மறுப்புக்கான காரணத்தையும் விண்ணப்பதாரருக்குச் சொல்ல வேண்டும் என்று 2020 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறொரு நாட்டின் ஆட்சேபத்துக்கே விளக்கம் தேவை என்றால், உங்கள் சொந்தச் சந்தேகத்துக்கு இரண்டு வரி எழுதுவது அதிகமா?

மேல்முறையீடு செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் மேல்முறையீடு எப்படி, எவ்வளவு நாளில் என்பதெல்லாம் மறுத்த நாட்டின் சட்டப்படிதான். உதாரணத்துக்கு, ஜெர்மனி தன் தூதரகங்களிலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. ஒன்று புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மகளின் பிரசவத்துக்குப் போக நினைத்த ஒரு அம்மா, தெரியாத மொழியில், தெரியாத ஊரின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்க முடியுமா? குழந்தை அதுவரை காத்திருக்காது. அப்புறம், என்ன காரணம் என்றே தெரியாமல் எதை எதிர்த்து வாதாடுவது? அடுத்த விண்ணப்பத்தில் எதைத் திருத்துவது? காரணம் சொல்லாத மறுப்பு, மேல்முறையீட்டு உரிமையையும் வெறும் பெயரளவுக்கு ஆக்கிவிடுகிறது.

இங்கே கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் 60 யூரோவிலிருந்து 80 ஆக்கினீர்கள். 2024 ஜூனில் 90 ஆக்கினீர்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. பரிசீலிக்கும் வேலைக்குத்தான் கட்டணம், விசாவுக்கு அல்ல என்ற விளக்கம் எனக்குத் தெரியும், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பரிசீலனைக்குக் கட்டணம் வாங்கினால், பரிசீலித்ததற்கு ஓர் அடையாளமாவது எங்கள் கைக்கு வரவேண்டும். ஒரு கட்டத்தில் போட்ட குறி அதற்குப் போதாது. சந்திப்பு நேரம் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். கோடைக்காலத்துக்கு முன்பு அந்த நேரத்தைப் பிடிக்க எத்தனை குடும்பங்கள் நடுராத்திரியில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கின்றன, எத்தனை இடைத்தரகர்கள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி எழுத இந்த மடல் போதாது. என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகை கொண்டுவந்தீர்கள். மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு விசா, அதற்குப் பிறகு ஐந்தாண்டு விசா. நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு. முதல்முறை கிளம்புகிறவருக்குக் காட்ட எந்தப் பயண வரலாறும் இருக்காது. அவரை ஒரு தடவை நம்பினால்தானே அந்த வரலாறே தொடங்கும்?

இன்னொன்று. 2025 அக்டோபர் 12 முதல் உங்கள் எல்லைகளில் வருகை, வெளியேற்றத்தை முகப்படத்தோடும் கைரேகையோடும் கணினியில் பதியும் முறை தொடங்கிவிட்டது. யார் உள்ளே வந்தார், 180 நாளில் தங்க அனுமதியுள்ள 90 நாளைத் தாண்டினாரா, எப்போது வெளியே போனார் என்பதை இனிமேல் முத்திரையை எண்ணித் தேட வேண்டியதில்லை. இவ்வளவு கண்காணிப்பு கையில் இருக்கும்போது, அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவரைப் பேசிக்கூடப் பார்க்காமல் முதலிலேயே திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் என்ன?

மறுப்பு அந்தப் பயணத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. உங்கள் விசாத் தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டு இருக்கும். முந்தைய மறுப்பு இருக்கிறது என்பதற்காக அடுத்த விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது என்று விதி போட்டிருக்கிறீர்கள், அது ஆறுதல்தான். ஆனால் பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பித்தால், இதற்குமுன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால், காரணம் என்ன என்பார்கள். அம்மா என்ன பதில் எழுதுவார்?

படிவத்தில் இருப்பதை நான் தமிழில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். அப்படி இல்லையம்மா, பொதுவாகப் போடுவார்கள் என்றேன். "பொதுவா எப்படிப் போடுவாங்க? என் பேருக்குத்தானே வந்திருக்கு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எழுத வேண்டிய அந்த இரண்டு வரியில்தான் பதில் இருந்திருக்க வேண்டும்.

விசா விண்ணப்பம் முழுவதையும் இணையவழிக்கு மாற்ற 2023 நவம்பரில் சட்டம் நிறைவேற்றியிருக்கிறீர்கள். 29 நாடுகளுக்கும் ஒரே தளம் கட்டப்படுகிறது. மாற்றம் செய்ய இதைவிட நல்ல நேரம் வராது. திரும்பும் எண்ணத்தில் சந்தேகம் என்ற கட்டத்தை ஓர் அலுவலர் தேர்ந்தெடுத்தால், விண்ணப்பதாரரிடம் பேசிய தேதியையும் சந்தேகத்துக்கான காரணத்தையும் பதியாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி அந்தத் தளத்தை அமையுங்கள். அதுவரை, இப்போதுள்ள படிவத்தின் கூடுதல் குறிப்புகளை வெறுமையாக விடக் கூடாது என்று எல்லாத் தூதரகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அம்மாவுக்குத் திரும்ப விண்ணப்பிக்கப் போகிறோம். குழந்தை பிறந்த பிறகாவது போய்ப் பார்க்கட்டும். அந்த விண்ணப்பத்தில் என் கைப்பேசி எண்ணும் அம்மாவின் எண்ணும் இருக்கும். சந்தேகம் வந்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் அம்மா எடுப்பார்.

மரியாதையுடன்,
ஒரு விண்ணப்பதாரரின் மகன்