சொதியும் கணக்கில் சேரும்: பெற்றோர் நலன்புரிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தரம் 7இல் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா எழுதுகிறேன். நீங்கள் போன கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய மஞ்சள் கடதாசி எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம், எட்டுக் கிளாஸ் தண்ணீர். குடிக்கக் குடிக்க ஒரு சரி போட வேண்டும், இரவில் பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியின்போது இரண்டு மூன்று பிள்ளைகள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்கள் என்று நானும் கேள்விப்பட்டேன். இந்த வெயிலில் பத்து மணிக்கே மைதானம் தோசைக்கல்லாகிவிடுகிறது. அட்டவணை ஏன் வந்தது என்பது விளங்குகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியோடுதான். "தேநீர், பால், பழச்சாறு, இளநீர், மோர், சுவையூட்டிய பானங்கள் எதுவும் தண்ணீராகக் கணக்கிடப்பட மாட்டாது."

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன். காலையில் மகள் ஒரு பெரிய கப் பால்தேத்தண்ணி குடித்தாள். கடைக்குப் போகும் வழியில் காலி வீதியில் தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு செவ்விளநீர். மத்தியானம் சோற்றுக்குப் பிறகு இரண்டு கிளாஸ் மோர். பின்னேரம் தேசிக்காய்த் தண்ணி. இரவு ஒன்பது மணிக்கு அட்டவணைக்கு முன்னால் நின்று அழுகிறாள். ஒரு சரிகூடப் போட முடியவில்லையாம். நான் தடுப்பதற்குள் நாலு கிளாஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். அன்றிரவு மூன்று தடவை எழும்பினாள், கூடவே நானும்.

இதையெல்லாம் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லீட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. முதல் நாள் தாதியிடம் நான் கேட்ட கேள்வி: "தண்ணீர் மட்டும்தானே மிஸ்?" அவர் சிரித்தார். அறைச் சூட்டில் எது ஊற்றினால் ஓடுமோ அதெல்லாம் தண்ணீர் என்றார். தேத்தண்ணி, கஞ்சி, ரசம், ஐஸ்கட்டி, ஐஸ்கிரீம். "சொதியும் மிஸ்?" சொதியும்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் ஒரு லீட்டர் போத்தல் ஒன்று நிற்கிறது, மார்க்கரால் கோடு போட்டது. காலையிலேயே அதை நிரப்பி வைத்துவிடுவோம். அப்பா தேத்தண்ணி குடித்தால் அதே அளவு தண்ணீரை அந்தப் போத்தலிலிருந்து எடுத்து ஊற்றிவிடுவேன். இடியப்பத்துக்கு மூன்று கரண்டி சொதி விட்டால் மூன்று கரண்டித் தண்ணீர் போய்விடும். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

இதில் ஏமாற்றவும் வழியில்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் தராசு இருக்கிறது. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு டயலிசிஸ்களுக்கு இடையில் ஏறுகிற நிறையில் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய தண்ணீர்தான். தீபாவளிக்கு அடுத்த நாள் அப்பா வழக்கத்தைவிட இரண்டு கிலோ கூடுதலாகப் போய் நின்றார். தான் தண்ணீரே குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். உண்மைதான், அவர் குடித்தது நெக்டோ சோடா.

ஆகவே எங்கள் வீட்டு நிலைமையைப் பாருங்கள். ஒரே மேசை, ஒரே கேத்தலிலிருந்து இரண்டு கப் தேத்தண்ணி. தாத்தாவின் கப்பில் இருப்பது தண்ணீர், அதனால் அவருக்குக் கூடாது. பேத்தியின் கப்பில் இருப்பது தண்ணீர் இல்லை, அதனால் சரி போட முடியாது. வேண்டாம் என்கிறபோது எண்ணப்படுகிற ஒன்று, வேண்டும் என்கிறபோது மட்டும் எப்படி மறைந்துபோகும்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

தேத்தண்ணி சிறுநீரை வெளியே தள்ளிவிடும், ஆகவே அது கழிவுக் கணக்கு என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பாதி உண்மை. தேயிலையில் உள்ள கஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற ஒருவர் வழக்கமான அளவில் குடிக்கும்போது, உள்ளே போன தண்ணீரைவிட வெளியே போவது கூடுவதில்லை. பிரித்தானிய ஆராய்ச்சியாளர்கள் இதை நேரடியாகவே அளந்து 2016இல் வெளியிட்டார்கள். 72 ஆண்களுக்குப் பலவிதப் பானங்களை ஒவ்வொரு தடவையும் ஒரு லீட்டர் கொடுத்து, அடுத்த நாலு மணித்தியாலத்தில் எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று பார்த்தார்கள். தேநீர், கோப்பி, கோலா எல்லாமே தண்ணீரைப் போலத்தான் நடந்துகொண்டன. பாலும், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனிக் கரைசலும் தண்ணீரைவிடக் கூடுதல் நேரம் உடம்பில் தங்கின. பியரும்கூடத் தண்ணீருக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை, ஆனால் இதைத் தாத்தாமாருக்குச் சொல்ல வேண்டாம். சோதிக்கப்பட்டவர்கள் வளர்ந்த ஆண்கள், பிள்ளைகள் இல்லை. என்றாலும் நீங்கள் "கணக்கில் இல்லை" என்று தள்ளிவிட்ட பாலே தண்ணீரை முந்தியிருக்கிறது.

ஜீவனிப் பக்கற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றோட்டம் வந்தால் நாம் எல்லோரும் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீட்டரில் கரைத்துக் கொடுப்பது. அதில் குளுக்கோசும் உப்பும் சேர்ந்திருப்பதே தண்ணீரைக் குடல் சுவரினூடாக இழுத்துச் செல்லத்தான். அதைத் தண்ணீர் இல்லை என்று யாராவது சொன்னால் வாட்டுத் தாதிமார் துரத்துவார்கள். (சுகமாக இருக்கிற பிள்ளைக்குத் தினமும் அதைக் கரைத்துக் கொடுக்கிற வேலையும் வேண்டாம். அப்படி ஒரு வீட்டையும் எனக்குத் தெரியும்.)

எட்டுக் கிளாஸ் என்ற எண்ணையும் கொஞ்சம் பார்ப்போம். 1945இல் அமெரிக்காவின் உணவு போசாக்குச் சபை, வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு இரண்டரை லீட்டர் தண்ணீர் போதுமானது என்று எழுதியது. அடுத்த வரியிலேயே, இதில் பெரும்பகுதி நாம் சாப்பிடும் உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. எட்டுக் கிளாஸ் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு: முதல் வரி ஊரெல்லாம் பரவியது, இரண்டாவது வரியை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. 2002இல் ஹைன்ஸ் வால்டின் என்ற, சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்த பேராசிரியர் இந்த எட்டுக் கிளாஸுக்கு ஆதாரம் தேடிப் பார்த்து, எதுவும் அகப்படவில்லை என்று கட்டுரை எழுதினார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் கொடுத்த கணக்கின்படி 9 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைக்கு நாளுக்கு 1.9 லீட்டர், ஆண்பிள்ளைக்கு 2.1 லீட்டர். இது சாப்பாட்டில் உள்ள தண்ணீரையும் சேர்த்து. நம் வீட்டுச் சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர், வத்தகப்பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல். ஐரோப்பாவின் அந்தக் கணக்கு மிதமான காலநிலைக்கானது, ஆகவே பயிற்சி நாளில் நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மோரைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் பக்க நியாயத்துக்கு வருகிறேன். "சுவையூட்டிய பானமும் சேரும்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், அடுத்த நாள் காலையில் பாதிப் புத்தகப்பையில் பெட்டி ஜூஸும் சோடாவும் வந்து உட்கார்ந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் சீனியைப் பற்றியது. அதைத் தண்ணீரின் தலையில் கட்டாமல் சீனி என்றே எழுதுங்கள்.

எங்கள் அப்பாவின் விஷயத்தில் அப்படித்தான். செவ்விளநீர் அவருக்கு முற்றாகத் தடை. அது தண்ணீர் இல்லை என்பதால் அல்ல, அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால். சிறுநீரகம் ஓய்ந்தவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். தாதி இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை. தண்ணீருக்கு ஒரு பக்கம், பொட்டாசியத்துக்கு இன்னொரு பக்கம்.

நம் அரசாங்கமும் சீனியைத்தான் பிடித்தது. 2016 ஓகஸ்ட் தொடக்கம் இலங்கையில் விற்கும் இனிப்புப் பானங்களில் நிறப் புள்ளி இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் சீனி 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, நடுவில் இருப்பதெல்லாம் செம்மஞ்சள். 2017 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரியும் வந்தது, பிறகு குறைந்தது. இந்தச் செம்மஞ்சள்தான் ஆளை ஏமாற்றுவது. 100 மில்லிலீட்டருக்கு 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி சீனி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டி அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது. வீட்டில் பிழிந்த தோடம்பழச் சாற்றின் சீனியையும் அந்தக் கணக்கில் அது சேர்க்கிறது. பழத்தை முழுதாகச் சாப்பிட்டால் சேர்ப்பதில்லை. போத்தலின் பின்பக்கத்தைப் படித்துப் பெருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தரம் 7 கணிதத்துக்கும் நல்லது.

சரி, இதுவரை எழுதியதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் இனித்தான்.

மகளுக்குக் காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றரை மணிக்கு அதே கனத்தோடு வீடு வருகிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் வாசம் பிடிக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். கொதிக்க வைத்து, ஆற வைத்து, மண்பானையில் ஊற்றி, வெட்டிவேர் போட்டுக் கொடுத்தேன். அப்போதும் போத்தல் நிறைந்தபடிதான். ஒரு நாள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள்: "குடிச்சா பாத்ரூம் போகணும் அம்மா."

பெண்பிள்ளைகளின் மலசலகூட வரிசையில் ஐந்து கதவுகளாம். இரண்டுக்குத்தான் கொண்டி இருக்கிறதாம். மற்ற மூன்றுக்கும் போவதென்றால் ஒரு சிநேகிதி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். இடைவேளை இருபது நிமிடம். அதற்குள் சாப்பிட்டு, வரிசையில் நின்று, கதவு பிடிக்க ஆள் தேடி முடிப்பதென்பது நடக்கிற காரியமா? அதைவிடக் குடிக்காமல் இருப்பது லேசு. அவளும் கூட்டாளிகளும் அப்படித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். காலை ஆறரைக்குக் குடித்த தேத்தண்ணியோடு ஒன்றரை வரைக்கும் தாக்குப்பிடிக்கிறார்கள், பயிற்சி நாளிலும்கூட. மைதானத்தில் தலைசுற்றி உட்கார்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பெண்பிள்ளைகள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். அடக்கி அடக்கி வைத்தால் சிறுநீர்க்குழாயில் கிருமி தொற்றும், மலச்சிக்கல் வரும். இதெல்லாம் அம்மாமாருக்குத் தெரியாததல்ல.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். அடுத்த மாத அட்டவணையில் அந்தச் சின்ன எழுத்து வரியை எடுத்துவிடுங்கள். தேத்தண்ணியோ பாலோ மோரோ, குடித்தது எதுவானாலும் பிள்ளை சரி போடட்டும். பக்கத்தில் ஒரு நிரல் சேருங்கள்: இன்று குடித்ததில் எத்தனை தேக்கரண்டி சீனி? முதலில் தண்ணீர், பிறகு மற்றவை என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை, வீட்டில் நானும் அதைத்தான் சொல்கிறேன். சிறுநீரகம், இதய நோயுள்ள பிள்ளை யாராவது இருந்தால் அவர்களுக்கு அட்டவணையே வேண்டாம், அவர்களின் வைத்தியர் சொல்வதுதான் அளவு. கட்டாயம் ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், காலையில் எழுந்த பிறகு போகும் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறிய வைக்கோல் நிறமென்றால் போதும், தேயிலைச் சாயம் மாதிரி இருந்தால் போதாது.

புறக்கோட்டைக்குப் போனபோது மூன்று கொண்டி வாங்கி வைத்திருக்கிறேன், திருகாணியோடு. சனிக்கிழமை காலை பாடசாலையைத் திறந்துவிட்டால் என் கணவர் ட்ரில்லோடு வருவார், ஒரு மணித்தியால வேலை. திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தரம் 7 பிள்ளை ஒருத்தியின் அம்மா,
வெள்ளவத்தை