போயிருந்தேன்னா "ஹேட் கான்" (had gone) இல்லடி

அன்புள்ள தோழிக்கு,

உன் லெட்டர் போன வாரமே வந்துடுச்சு, பதில் எழுத இன்னிக்குதான் உக்காந்தேன், கோச்சுக்காத. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து வேளாவேளைக்கு விடணும், அதுலயே நாள் ஓடிடுது. உன் பொண்ணுக்கு வேலை கெடைச்சதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம்டி. அவ ஆபீஸ்ல இங்கிலீஷ் மெயில் எழுதறப்போ "ஹேட்" (had) போடணுமா வேணாமான்னு தெனம் உன்கிட்ட கேக்கறா, உனக்கே கொழப்பமா இருக்குன்னு எழுதியிருந்தியே.

பாரு, இப்ப நான் "எழுதியிருந்தியே"ன்னு சொன்னேன்ல, வெவகாரமே அங்கதான் இருக்கு. நம்ம பேச்சுல "நேத்து பேங்குக்கு போயிருந்தேன்", "போன மாசம் அவங்க வந்திருந்தாங்க"ன்னு சும்மா ஒரு சேதி சொல்லவே "இருந்தேன்" சேர்த்துக்குறோம், அது நமக்கு அழகான தமிழ்தான், ஆனா அத அப்படியே இங்கிலீஷுக்கு தூக்கிட்டு போயி "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு த பேங்க்"னு எழுதினா படிக்கிறவங்க சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு காத்துட்டு இருப்பாங்க. ஹேட்னா இன்னொரு பழைய சம்பவத்துக்கும் முன்னாடி நடந்ததுன்னு அர்த்தம். அந்த இன்னொண்ணு எதுவும் பேச்சுல இல்லாம நேத்து போனது மட்டும் தனியா நின்னா, "ஐ வென்ட்" போதும்.

எனக்கு இது புரிஞ்சது வேலைக்கு சேர்ந்த புதுசுல. "ஐ ஹேட் சப்மிட்டட் த ரிப்போர்ட் ஆன் மண்டே"ன்னு ஒரு மெயில் போட்டேன், மேலதிகாரி கூப்ட்டு, ஏன்மா அப்புறம் அத திருப்பி வாங்கிட்டியான்னு கேட்டார். அவர் கிண்டலுக்கு கேக்கல, நெஜமாவே அப்படித்தான் படிச்சிருக்கார். "ஐ சப்மிட்டட்"னு எழுதியிருந்தா அந்த கேள்வியே வந்திருக்காது.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு எடம் இருக்கு, அத யாரும் சொல்லித் தர்றதில்ல, எனக்கு அதுல ரொம்ப ஆதங்கம். "நான் போனப்போ மீட்டிங் ஆரம்பிச்சுடுச்சு"ன்னு சொல்றோம் பாரு, இதுல "இருந்தது"ங்கற வார்த்தையே இல்ல, "ஆரம்பிச்சுடுச்சு"தான் இருக்கு, அதனால நம்ம பிள்ளைங்க "வென் ஐ ரீச்ட், த மீட்டிங் ஸ்டார்ட்டட்"னு எழுதிடுறாங்க. அதுக்கு அர்த்தம் நான் போய் சேர்ந்ததும் மீட்டிங் ஆரம்பிச்சாங்க, எனக்காகவே காத்திருந்த மாதிரி. நாம லேட்டுன்னு சொல்லணும்னா "ஹேட் ஸ்டார்ட்டட்"தான் வரணும். ஒரே ஒரு ஹேட், ஆனா அது இல்லன்னா ஆளு லேட்டா வந்தாளா டைமுக்கு வந்தாளான்னே மாறிப்போயிடுது. ஆக தமிழ்ல "இருந்தேன்" வர்ற எடத்துல பல நேரம் இங்கிலீஷ்ல ஹேட் வேணாம், தமிழ்ல "டுச்சு", "ட்டேன்"னு முடியிற எடத்துல சில நேரம் கண்டிப்பா வேணும். வார்த்தைக்கு வார்த்தை பார்க்காம, எது முன்னாடி நடந்துச்சுன்னு பார்க்கச் சொல்லு.

பிஃபோர், ஆஃப்டர்னு ஒரு வார்த்தை இருந்தா அதுவே வரிசைய சொல்லிடும், "ஐ லெஃப்ட் பிஃபோர் ஷி கேம்"ல ஹேட் போட்டாலும் தப்பில்ல, போடலன்னாலும் தப்பில்ல. நடந்தத நடந்த வரிசையிலயே சொல்லிட்டு போறப்போ, எழுந்தேன், கெளம்பினேன், பஸ் புடிச்சேன்னு, அப்பவும் சிம்பிள் பாஸ்ட், அதான் "வென்ட்", "சப்மிட்டட்" மாதிரி ஹேட் இல்லாம வர்றது, அதுவே போதும். வரிசைய மாத்தி பின்னாடி போறப்போதான் ஹேட் வேலைக்கு வருது, "ஐ வாஸ் டயர்ட், ஐ ஹேட் வாக்ட் ஆல் டே"ங்கற மாதிரி. அப்படி பின்னாடி போயி நீளமா ஒரு பழைய கதை சொல்றதா இருந்தா மொதல் ஒண்ணு ரெண்டு வரியில ஹேட் போட்டுட்டு மிச்சத்த சிம்பிளாவே எழுதலாம், படிக்கிறவங்க ஏற்கெனவே அந்தக் காலத்துக்கு வந்துட்டாங்கல்ல, ஒவ்வொரு வரியிலயும் ஹேட் ஹேட்னு வந்தா மூச்சு முட்டும்.

"இஃப் ஐ ஹேட் நோன்"னு வர்றது, தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேன்ங்கற வகை, அது வேற கணக்கு. அதுல நம்ம "இருந்தா"வும் அவங்க ஹேடும் அழகா பொருந்திப்போகுது, அங்க அவ பயப்படவே வேணாம்.

அவ அனுப்பின மெயில்ல மூணு நாலு எனக்கு காப்பி பண்ணி அனுப்பச் சொல்லு, ஆபீஸ் வெஷயம் இருந்தா அத எடுத்துட்டு அனுப்பட்டும். ஹேட் வர்ற எடத்துலெல்லாம் அடிக்கோடு போட்டு, பக்கத்துல தமிழ்ல அவ என்ன நெனைச்சு எழுதினான்னும் எழுதட்டும், அது தெரிஞ்சாதான் எனக்கு திருத்த முடியும். அம்மா உன்ன ரொம்ப விசாரிச்சாங்க, கட்டு பிரிச்சதும் மொதல்ல உன் லெட்டரத்தான் எடுத்து படிச்சாங்க.

உன் தோழி