88-ஆம் சங்கீதத்தையும் வாசித்த அக்காவுக்கு

கர்த்தருக்குள் அன்பான எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

நான் நோயில் கிடந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. போன வாரம் டாக்டர் "இனி அடிக்கடி வர வேண்டாம்மா" என்று சொன்னார். அங்கிருந்து வெளியே வந்ததிலிருந்து அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. இந்த மனநிலை மாறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உபவாச ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி அழுத தாய்மார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவந்து வீட்டுப்பாடமும் எழுதவைத்த வாலிபர் குழுத் தம்பி தங்கைகள், பில்லைக் கட்டிவிட்டு யாரென்று சொல்லாமலே போனவர், "மருந்தை விட்டுவிட்டு ஜெபம் மட்டும் பண்ணு" என்று சிலர் என்னைக் குழப்பியபோது "வேதத்தில் பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதுகிறார், நீ மாத்திரையைப் போடும்மா, ஜெபத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்ன பாஸ்டர் ஐயா, உங்கள் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஜெபிக்கவே வராத நாட்கள் அவை. வேதத்தைத் திறந்தால் எழுத்து கண்ணில் படும், மனதில் ஏறாது. நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. ஒரு நாள் ராத்திரி அவர்களிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை, வேதத்தில் உள்ள 150 சங்கீதங்களில் முதலாம் சங்கீதத்தை நிதானமாக வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் இரண்டாம் சங்கீதம். அப்புறம் தினமும். அந்த மெல்லிய தாளைப் புரட்டும் சத்தம் கேட்கும், நடுவில் ஒரு இருமல் வரும், தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நான் பதில் போட்டதே இல்லை. ஏன் போடவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 117-ஆம் சங்கீதம் இரண்டே வசனம், சட்டென்று முடிந்துவிட்டதே என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். 119-இன் 176 வசனங்களையும் எட்டு எட்டாகப் பிரித்து 22 ராத்திரிகள் வாசித்தார்கள்.

அதற்கெல்லாம் முன்னால் வந்தது 88. வாசித்தவர்களுக்குத் தெரியும், மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்கு வந்துவிடும், இது வராது, இருட்டிலேயே முடியும். வேறு யாராவது என்றால் அதைத் தாண்டி 89-க்குப் போயிருப்பார்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஆறுதலாக ஒரு வாக்குத்தத்த வசனத்தைச் சேர்த்திருப்பார்கள். அக்கா இரண்டையும் செய்யவில்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பது வரைக்கும் வாசித்தார்கள், நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டு அழுதேன். விசுவாசம் இருந்தால் இப்படியா கிடப்பாய் என்று கேட்டவர்கள் உண்டு, நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். ஆனால் இவ்வளவு இருட்டில் நின்று கத்துகிறவனும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கித்தானே கத்துகிறான், அந்தக் கதறலும் வேதத்துக்குள்தானே இருக்கிறது, அப்படியானால் ஆண்டவர் என்னையும் வெளியே தள்ளவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. எனக்குள் வெட்கம் விட்டுப்போக ஆரம்பித்தது அங்கேதான்.

இயேசு மரித்தோரிலிருந்து எழுப்பின லாசருவை நினைத்துக்கொள்கிறேன். உயிரோடு வெளியே வந்துவிட்டான், ஆனாலும் கையும் காலும் சீலையால் கட்டித்தான் இருந்தது. இயேசு அவனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சுற்றி நின்றவர்களைப் பார்த்து "இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்" என்றார். கல்லறையிலிருந்து கூப்பிட்டவருக்கு ஒரு சீலையை அவிழ்ப்பது பெரிய காரியமா என்ன? அதை மனிதர் கையில் விட்டிருக்கிறார். எனக்கு ஜீவன் தந்தது என் ஆண்டவர்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கட்டுகளை அவிழ்க்க அவர் உங்களை அனுப்பினார் என்றே நம்புகிறேன்.

150 முடிந்ததும் அக்கா நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த இரண்டாம் சுற்றில், மூன்றாம் சங்கீதத்தில், "நான் படுத்து நித்திரைசெய்தேன்" என்ற வார்த்தை காதில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கண் விழித்தபோது விடிந்திருந்தது, போன் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. மாதக்கணக்கில் தூங்காதவளுக்கு அது என்ன என்று தூக்கம் இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கா, இதற்கு நான் எப்படிக் கைமாறு செய்ய முடியும்? கேட்டால் "போய் வேலையைப் பார்" என்பீர்கள். சரி, நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். இந்த வாரத்திலிருந்து இன்னொரு சகோதரிக்கு நான் வாசித்து அனுப்புகிறேன். 88 வரும்போது தாண்ட மாட்டேன், எதையும் சேர்க்கவும் மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஜெபிக்க வராமல் கிடக்கிறவர்கள் இருந்தால், எனக்கு ஒரு புள்ளி மட்டும் மெசேஜ் பண்ணுங்கள். விவரம் எதுவும் வேண்டாம், பதிலும் போட வேண்டாம். அன்றைக்கு ராத்திரியே முதலாம் சங்கீதம் வரும். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.