புது வண்டிக்கு மானியம் சரி, பழைய வண்டிக்குச் சாமான் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் டயரில் ஓடுகிற ஒரு பழைய அறுவடை வண்டி வைத்து நெல் அறுத்துக் கொடுக்கிறேன். பஞ்சாபில் செய்த வண்டி, நான் வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. புது அறுவடை வண்டிக்கு மானியம், வாடகை வண்டிக்கு அரசின் உழவன் செயலி என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது, நல்லதுதான், ஆனால் ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிற பழைய வண்டிகள் எப்படி ஓடுகின்றன, சாமானுக்கு எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன சித்திரையில் இரண்டாம் போக அறுப்பு. பெண்ணேஸ்வரமடம் பக்கம் ஒரு அக்காவின் வயலில் பாதி அறுத்திருப்போம், வைக்கோலை உதறிப் பின்னால் தள்ளுகிற வாக்கரை ஆட்டும் வளைந்த தண்டு, கிராங்க், முறிந்துவிட்டது. வானத்தில் மேகம் கட்டியிருந்தது. கோடை மழை காற்றோடு ஒரு தடவை அடித்தால் போதும், விளைந்த பயிர் படுத்துவிடும், படுத்த பயிரை எந்த வண்டி வந்தாலும் சேதாரம் இல்லாமல் அறுக்க முடியாது. சாமான் விற்பவரைக் கூப்பிட்டேன். "அந்த மாடலை நிறுத்திட்டாங்களே, பார்ட் நம்பர் இருந்தா சொல்லுங்க, பஞ்சாபுல கேட்டுப் பாக்கலாம்" என்றார். நம்பருக்கு நான் எங்கே போவேன், வண்டியோடு வந்த புத்தகம் முதல் முதலாளியிடமே தொலைந்துவிட்டது. முறிந்த இரும்பைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய், லேத் பட்டறையில் அளவெடுத்து, புதிதாகக் கடைந்து வாங்கி வர நான்கு நாள் ஆனது. அதற்குள் மழை வந்துவிட்டது. மீதியை அந்த அக்கா ஆள் வைத்து அறுத்தார். நான் அறுத்த பாதிக்கு வாடகை கொடுக்க வந்தார், எனக்கு வாங்க மனசு வரவில்லை.

வேறு வண்டி கூப்பிட்டிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கிருஷ்ணகிரி அணையின் இரண்டு கால்வாயிலும் சேர்த்து 9,012 ஏக்கர் பாசனம், பாரூர் ஏரியில் 2,397 ஏக்கர். தண்ணீர் திறப்பது ஒரே சமயத்தில், அதனால் விளைவதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான். அந்த இரண்டு வாரத்தில் சும்மா நிற்கிற வண்டி என்று ஒன்று கிடையாது. ஆத்தூர் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளும் முன்பே பேசி வைத்த வயலுக்குத்தான் போகும்.

இன்ஜினைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. லேலண்ட் இன்ஜின், லாரிக்குக் கை வைக்கிற எந்த மெக்கானிக்கும் இதற்கும் கை வைப்பார், ஓசூரிலேயே சாமான் கிடைக்கும். கதிரை அறுத்து அடித்துச் சலிக்கிற பகுதிதான் பாடு படுத்துகிறது. அதில் சுழலுகிற தண்டான ஷாஃப்ட்டும் பல்சக்கரமும் நாபா, பாத்சன் என்று பாட்டியாலா மாவட்டத்து ஊர்களிலிருந்து வர வேண்டும். அங்கே பேச இந்தி தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும், முதலிலேயே பணம் போட வேண்டும், வந்த பிறகு அளவு மாறியிருந்தால் திருப்பி அனுப்பவும் முடியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்டியில் தேய்கிற சாமான் எல்லாமே அந்தக் கம்பெனியிடம் மட்டும் கிடைக்கிற சாமான் இல்லை. பேரிங் எடுத்துக்கொள்ளுங்கள், 6205 என்று போட்டிருந்தால் கடைசி இரண்டு எண்ணை 5 ஆல் பெருக்கினால் 25, அத்தனை மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் அது உட்காரும், 6206 என்றால் 30. பெல்ட்டில் பி-72 என்று இருந்தால் பி என்பது அகலத்தின் வகை, 72 என்பது உள்சுற்று அங்குலத்தில். எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஆயில் சீலிலும் உள்ளளவு, வெளியளவு, கனம் மூன்றும் அச்சடித்தே வரும். எந்த ஊர்ப் பேரிங் கடையிலும் இவற்றை வாங்கலாம். சிக்கல் என்னவென்றால், பழசு உடைந்து எழுத்து அழிந்த பிறகுதான் நாம் நம்பரைத் தேடுகிறோம். நான் இப்போது வண்டியைக் கழற்றும்போதெல்லாம் ஒவ்வொரு நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி, செல்போனில் படமும் எடுத்து வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதை இன்றைக்கே செய்யுங்கள். அப்புறம் சீசன் முடிந்து நிறுத்தும்போது நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டரிலும் அது சேருகிற டேங்கிலும் ஒரு மணி நெல் விடாதீர்கள், அதைத் தின்ன வருகிற எலி ஒயரையும் கடித்துவிடும், எனக்கு ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. பெல்ட்டைத் தளர்த்தி விடுங்கள், பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

இது வண்டிக்காரன் பிரச்சினை மட்டும் இல்லை. பெல்ட் தேய்ந்து வழுக்கினால் கதிரை அடிக்கிற டிரம்மின் வேகம் குறையும், நெல் வைக்கோலோடு போய்விடும். நஷ்டம் வயல்காரருக்கு.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அந்த உரிமை எங்கள் வயல் வரைக்கும் வர வேண்டுமானால், இங்கே அறுவடை வண்டி விற்கிற ஒவ்வொரு கம்பெனியும், நிறுத்திவிட்ட மாடலுக்கும் சேர்த்து, சாமான் புத்தகத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். கம்பெனி நம்பர் மட்டும் போட்டால் போதாது, பேரிங், சீல், பெல்ட் அளவும் அதில் இருக்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையும் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பராமரிப்பு முகாமை அறுப்புக்கு இரண்டு மாதம் முன்னால் நடத்தி, பழைய வண்டிகளை அங்கே கொண்டுவரச் சொல்லட்டும். தேய்ந்த சாமானை அப்போதே கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால், பஞ்சாபிலிருந்து வருவதற்கு நாள் இருக்கும்.

இப்படிக்கு,
அறுவடை வண்டி வைத்திருக்கும் ஒரு விவசாயி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.