மூட்டை கேட்டால் எடை கேட்கிறோம், ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தானியம் கலந்த அடர்தீவன மூட்டை வாங்க வருகிறவர்களிடம் இனி இரண்டு விவரங்களைக் கேட்கப்போகிறோம். உங்கள் குதிரையின் எடை எவ்வளவு? அது நாளொன்றுக்கு எத்தனை கிலோ உலர்புல் தின்கிறது? காசு கொடுத்து வாங்க வந்த இடத்தில் இது என்ன விசாரணை என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அதனால்தான் காரணத்தை விரிவாக எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், பல லாயங்களில் குதிரைக்குத் தானியம் கூடுதலாகவும் புல் குறைவாகவும் போகிறது. தானியம் விற்கிற நாங்களே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கும் அது 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே இரவு பகலாக அமிலம் சுரக்கிறது. அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். குதிரைக்கு அது மெல்லும்போது மட்டுமே ஊறும். மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேலும் மேயும் விலங்கு இது. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் தின்பதற்கென்றே அதன் வயிறு அமைந்திருக்கிறது.

ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்குச் சுமார் 40 நிமிடங்கள் ஆகும். அதற்குள் 3,000 முறைக்கு மேல் மெல்லும். ஒரு கிலோ ஓட்ஸைப் பத்தே நிமிடங்களில் தீர்த்துவிடும். காலையில் ஒரு வாளி தானியம், மாலையில் ஒரு வாளி, நடுவில் வெறும் தொட்டி என்று நாளை ஓட்டினால் நீண்ட நேரம் அமிலம் வெறும் இரைப்பையில் நிற்கும். இரைப்பைப் புண் வருவது இப்படித்தான். கட்டையைக் கடிப்பது, எரிச்சலோடு நடந்துகொள்வது, தானியத்தைப் பாதியில் விட்டு விலகுவது என்று குதிரை அதைப் பல விதங்களில் காட்டும். பல நேரங்களில் நாம் அதைக் கெட்ட குணம் என்று எண்ணித் திட்டுகிறோம்.

இதைவிடப் பெரிய ஆபத்து பின்குடலில் இருக்கிறது. புல்லின் நாரைச் செரிக்க வைப்பவை குருட்டுக் குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள். ஒரே வேளையில் அதிகத் தானியம் உள்ளே போனால் சிறுகுடலால் அந்த மாவுச்சத்து முழுவதையும் செரிக்க முடியாது. மிச்சம் பின்குடலுக்குப் போய் வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் பெருகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அவற்றிலிருந்து வெளிவரும் நச்சு இரத்தத்தில் கலக்கும். அதன் விளைவு கோலிக் எனப்படும் கடும் வயிற்றுவலியாக இருக்கலாம், அல்லது லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியாக இருக்கலாம். தின்றது வயிற்றுக்கு, வேதனை காலுக்கு. அந்த அழற்சி முற்றினால் குளம்புக்குள் இருக்கும் எலும்பே தன் இடத்திலிருந்து சரிந்துவிடும். அப்புறம் பழைய நடை திரும்புவது அரிது.

கணக்கு எளிதுதான். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை, ஈரம் நீங்கிய கணக்கில், புல்லாகவே போக வேண்டும். 500 கிலோ குதிரைக்கு அது ஏறத்தாழ 9 முதல் 11 கிலோ உலர்புல். பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதே சத்துக்குப் பல மடங்கு எடை தேவைப்படும். இலேசான வேலை செய்யும் பெரும்பாலான குதிரைகளுக்கு நல்ல புல்லும் உப்பும் கொஞ்சம் தாது உப்புக் கலவையும் போதும். கடுமையாக உழைப்பவை, பால் கொடுப்பவை, வளரும் குட்டிகள், பல் தேய்ந்த முதியவை ஆகியவற்றுக்குத்தான் தானியம் வேண்டும். அப்போதும் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். கூடுதலாகத் தேவைப்பட்டால் மூன்று நான்கு வேளைகளாகப் பிரியுங்கள். முதலில் புல்லைப் போட்டு, பிறகு தானியத்தை வையுங்கள்.

எடை மேடை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தையல் நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் எடை 436 கிலோ. வளர்ந்த குதிரைக்கே இந்தக் கணக்கு பொருந்தும், குட்டிக்குப் பொருந்தாது. நாடா இல்லாதவர்கள் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எடை தெரிந்தால் மட்டும் போதாது, குதிரையின் உடல்வாகையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னெக்கும் சக ஆய்வாளர்களும் உருவாக்கி 1983-இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் கொழுப்பு மூடிய உடல். 5 நல்ல நிலை: விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். பிடரிக்கடியில் கழுத்து தடித்துக் கெட்டியாக இருந்தால் அந்தக் குதிரைக்குத் தானியமே வேண்டாம். நாங்களும் விற்க மாட்டோம்.

டின் கணக்கில் அளந்து விற்பதையும் நிறுத்திவிட்டோம். ஒரு டின் மக்காச்சோளத்தில் ஒரு டின் ஓட்ஸைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எரிசக்தி இருக்கிறது. டின் ஒன்றுதானே என்று ஓட்ஸுக்குப் பதிலாக மக்காச்சோளத்தைப் போட்டால், நீங்கள் அறியாமலே தீனியை இரட்டிப்பாக்கிவிடுகிறீர்கள். இனி எல்லாம் தராசில் நிறுத்துத்தான். புல் கட்டுகளிலும் எடையை எழுதியே தருவோம்.

தவிட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது இதமான தீனி என்று பலரும் நம்புகிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குதிரைக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது. இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவை ஒட்டி இருப்பது நல்லது. நாள்தோறும் தவிட்டையே முக்கியத் தீனியாகக் கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். முக எலும்புகள் வீங்கும், கால் நொண்டும். குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் கால்சியம் நிறைய இருப்பதால் அதைச் சிறிதளவு சேர்ப்பது உதவும். ஆனால் அதுவே முழுத் தீனியாகவும் ஆகிவிடக் கூடாது.

மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது. அவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து கோழிக்கும் மாட்டுக்கும் நன்மை தரும்; குதிரைக்கோ மிகச் சிறிய அளவே இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. அதனால்தான் நம் கடையில் குதிரைத் தீவனத்துக்குத் தனி அறை, தனி அகப்பை, தனிக் கலவை இயந்திரம் வைத்திருக்கிறோம். வீட்டிலும் மூட்டைகளைப் பிரித்தே வையுங்கள். மேய்ச்சல் இடத்தின் வேலியோரம் அரளியோ ஆமணக்கோ இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். அரளி இலை காய்ந்த பிறகும் நஞ்சு குறையாது.

புல் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் பூஞ்சை வரப்போகிறது என்று பொருள். ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் உதறுங்கள். வெண்தூசு பறந்து மூக்கை உறுத்தினால் அது பூஞ்சைத் தூள். அதைத் தின்னும் குதிரைக்கு நாள்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் வரும். தண்டு தடித்துக் குச்சியாகி இலை உதிர்ந்திருந்தால் புல் முற்றி அறுத்தது; வயிறு நிறையும், சத்து சேராது. நல்ல புல் இலையோடு மென்மையாக இருக்கும், அள்ளி முகர்ந்தால் இனிய மணம் வரும். நம்மிடம் வாங்கிய கட்டு இப்படி இல்லையென்றால் பிரித்த நிலையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். தூசு இலேசாக இருந்தால் கொடுப்பதற்கு முன் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கலாம். பூஞ்சை பிடித்த புல்லை ஊறவைத்துப் பயனில்லை. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் இன்னும் கொடியது, மூளையையே பாதிக்கும்.

குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலிலும் வேலையிலும் இன்னும் கூடும். தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். வேலை முடிந்து வியர்த்து நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விடுங்கள். சாதாரண நாளில் 25 முதல் 30 கிராம் உப்பு வேண்டும்.

எந்தத் தீனியையும் திடீரென்று மாற்றாதீர்கள். நுண்ணுயிர்கள் பழகுவதற்கு நேரம் வேண்டும். பத்து நாட்களாவது எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். புல் கட்டு மாறினாலும் இதேதான். அதனால் இருப்பு தீர்ந்த பிறகு ஓடி வராமல், பத்து நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். கொள்ளுக்கே தயங்கினால் பல்லைப் பார்க்க வேண்டும். குதிரையின் பல் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளிவந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல் உருண்டை தொட்டியோரம் கிடந்தாலும், சாணத்தில் முழுத் தானியம் தெரிந்தாலும் மருத்துவரை அழையுங்கள். எப்படியும் ஆண்டுக்கு ஒருமுறை பல்லைச் சோதித்து அராவ வேண்டும். மெலிந்த குதிரைக்குத் தானியத்தைக் கூட்டும் முன் பல்லையும் குடற்புழுவையும் பார்ப்பதே முறை. புழு மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். தேவையில்லாமல் கொடுத்த மருந்துக்குப் புழு பழகிவிடும்.

குளம்புகளைத் தினமும் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். அடியில் உள்ள முக்கோணச் சதையின் பள்ளத்தில் கருமையான, நாற்றமடிக்கும் கசிவு இருந்தால் ஈரத் தரையில் நிற்கிறது என்று அறிந்து படுக்கையை மாற்றுங்கள். லாடம் கட்டுபவரை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வரவழையுங்கள். லாடம் இல்லாத குளம்பையும் செதுக்கத்தான் வேண்டும். தேய்த்துவிடும் நேரத்தை அவசரத்தில் கழிக்காதீர்கள். காயம், வீக்கம், சூடு எல்லாம் முதலில் கைக்குத்தான் தெரியும்.

தரையைக் காலால் பறிப்பது, அடிக்கடி விலாவைத் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் படுத்து எழுவது, காரணமில்லாமல் வியர்ப்பது, சாணம் போடாமலிருப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் தொட்டியிலிருந்து தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சேர்ந்ததும் அழுத்தமும் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். அழைக்கும்போது சொல்ல மூன்று எண்கள் வேண்டும். ஓய்வில் உள்ள வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பநிலை 37 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குதிரை நலமாக இருக்கும் நாளிலேயே இவற்றை அளந்து பழகிக்கொண்டால்தான் அவசரத்தில் கை நடுங்காது.

இந்த எண்களை ஓர் அட்டையில் அச்சிட்டு அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு மூட்டையோடும் தருகிறோம். லாயத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி, உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண்ணை அதன் கீழே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தீவனக் கடையினர்